பள்ளியில் போதைத் தடுப்புக் கல்வி: உறுதிமொழிக்கு அப்புறம் என்ன?

ஜூன் 26, உலகப் போதைப்பொருள் எதிர்ப்பு நாள். ஐ.நா. பொதுச்சபை 1987-இல் அறிவித்தது. அன்றைக்குக் காலையில் பல பள்ளிகளில் பிள்ளைகள் வரிசையாக நின்று, கையை நீட்டி, "எந்தப் போதைப்பொருளையும் தொட மாட்டேன்" என்று உறுதிமொழி சொல்வார்கள். ஓவியப் போட்டி நடக்கும். மண்டை ஓடும் ஊசியும் வரைந்த படத்துக்குப் பரிசு போகும். பிறகு முதல் பீரியட் மணி அடித்துவிடும்.

அந்த வரிசையில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். போன வாரம் மாடிப்படிக்குப் பின்னால் சீனியர் ஒருவன் நீட்டிய வேப்பை (மின்-சிகரெட்டை) இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தவன். அவனும் கையை நீட்டி உறுதிமொழி சொல்கிறான். உள்ளுக்குள் வேறு கேள்விகள் ஓடுகின்றன. இரண்டு இழுப்புக்கே பழக்கமாகிவிடுமா? அந்த அண்ணன் நாளைக்கும் கூப்பிட்டால் என்ன சொல்லித் தப்பிப்பது? இதை யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் வீட்டுக்குப் போன் போய்விடுமா?

உறுதிமொழியில் இவற்றுக்கு இடமில்லை. போதைத் தடுப்புக் கல்வி என்று சொல்லப்படும் எதுவும் இந்தப் பையனின் கேள்விகளுக்கு உதவ வேண்டும். உதவவில்லை என்றால் அது சடங்குதான். இதை மனதில் வைத்துக்கொண்டு அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் "போதைப்பொருள்" என்றால் என்னென்ன? கேட்டதும் ஊசியும் வெள்ளைப் பொடியும்தான் நினைவுக்கு வரும். பிள்ளைகள் பெரும்பாலும் அங்கே தொடங்குவதில்லை. கைக்கு எட்டுவதில்தான் தொடங்குகிறார்கள்: சிகரெட், வேப், மெல்லும் புகையிலை, மது, கஞ்சா. வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் தூக்க மாத்திரையும் வலி மாத்திரையும் இதில் சேரும். பெயின்ட் தின்னர், பசை, ஒயிட்னர் போன்ற முகரும் பொருள்களும் சேரும். இந்தக் கடைசி வகையைப் பெரியவர்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். முகரும் பொருளின் ஆவி இதயத்துடிப்பைத் திடீரென்று தாறுமாறாக்கக்கூடியது. முதல் தடவை முகர்ந்த பிள்ளைகூட அப்படியே சுருண்டு விழுந்து இறந்துபோகலாம். அதனால் பள்ளியில் பேசும்போது சட்டம் தடை செய்தவை, செய்யாதவை என்று பிரித்துப் பார்த்துப் பயனில்லை. அந்த வயதுப் பிள்ளைகளின் கையில் உண்மையில் எது புழங்குகிறதோ அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஏன் பள்ளிப் பருவத்திலேயே?

மூளையின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. இன்பத்தையும் கிளர்ச்சியையும் தேடும் பகுதிகள் பதின்பருவத்தின் தொடக்கத்திலேயே முழு வேகத்தில் ஓட ஆரம்பித்துவிடுகின்றன. "கொஞ்சம் பொறு, யோசி" என்று பிரேக் போடுவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. அது முதிர்ச்சி அடைய 25 வயது வரை ஆகிறது. பழக்கமாகிவிடும் போதைப்பொருள்களில் பெரும்பாலானவை கடைசியில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளை வழக்கத்துக்கு மேல் சுரக்கவைக்கின்றன. "இது நல்லா இருக்கு, மறுபடியும் செய்" என்று மூளை குறித்து வைத்துக்கொள்கிறது. பாடம், நட்பு, விளையாட்டு என்று எதையெல்லாம் பழக வேண்டும் என்று மூளை கற்றுக்கொண்டிருக்கும் வயது அது. அதே வயதில் நிகோடினோ மதுவோ உள்ளே வந்தால், அதையும் அதே சுறுசுறுப்போடு கற்றுக்கொண்டுவிடும்.

அமெரிக்காவில் நடந்த பெரிய கணக்கெடுப்பு ஒன்றின் முடிவு 1997-இல் வெளியானது. 14 வயதிலோ அதற்கு முன்போ குடிக்கத் தொடங்கியவர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் மதுவுக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதுக்கு அப்புறம் தொடங்கியவர்களில் அது ஏறக்குறைய 10 சதவீதம். இதை வைத்து, சீக்கிரம் தொடங்கியது ஒன்றுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. சின்ன வயதிலேயே குடிக்கப் போகும் பிள்ளைக்கு வீட்டில் அடி, சண்டை, கவனிப்பின்மை என்று வேறு பாரங்களும் இருந்திருக்கலாம். ஆனாலும் முதல் தடவையை ஒவ்வொரு வருடமாகத் தள்ளிப் போட்டாலே பிள்ளைக்கு நல்லது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

இன்னொரு சோதனையையும் சொல்ல வேண்டும். இந்த வயதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது அதுதான். 2005-இல் வெளியானது. 13 முதல் 16 வயதினர், கல்லூரி வயதினர், 24 வயதைத் தாண்டியவர்கள் என்று மூன்று குழுக்களைக் கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றை ஆட வைத்தார்கள். மஞ்சள் விளக்கு எரிகிறது, நிற்பதா போவதா? தனியாக ஆடியபோது மூன்று குழுக்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நண்பர்கள் பக்கத்தில் நின்று பார்த்தபோது இளையவர்கள் துணிந்து பாய்ந்தார்கள், பெரியவர்களின் ஆட்டம் மாறவே இல்லை. அதாவது, பதினான்கு வயதுப் பையனுக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. நண்பன் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தத் தெரிதல் உதவிக்கு வருவதில்லை.

பயமுறுத்தினால் போதாதா?

போதாது. இந்த விஷயத்தில் உலகம் கற்ற பெரிய பாடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1983-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரக் காவல்துறையும் அங்குள்ள பள்ளி நிர்வாகமும் சேர்ந்து டேர் என்ற திட்டத்தைத் தொடங்கின. சீருடை அணிந்த போலீஸ்காரர் வகுப்புக்கு வந்து போதைப்பொருள்களைப் பற்றிப் பாடம் எடுப்பார், வேண்டாம் என்று சொல்லச் சொல்லித் தருவார். பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது, பெற்றோருக்கும் நிம்மதி. சில வருடங்களிலேயே அமெரிக்கா முழுக்கப் பரவியது. 1990-களில் ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் பார்த்தபோது, அந்தப் பாடம் படித்த பிள்ளைகளுக்கும் படிக்காத பிள்ளைகளுக்கும் போதைப்பொருள் பயன்பாட்டில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. நல்ல எண்ணத்தில் குறையில்லை, பணத்திலும் குறையில்லை, பலன்தான் இல்லை. பிற்பாடு அந்த அமைப்பே தன் பாடத்தை மாற்றிக்கொண்டது. அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும்.

பயமுறுத்தும் பாடம் ஏன் எடுபடுவதில்லை? கறுத்துப்போன நுரையீரல் படத்தைக் காட்டுகிறோம். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த மாமா இருபது வருடமாகப் புகைக்கிறார், நன்றாகத்தான் நடமாடுகிறார். "ஒரு தடவை தொட்டாலே வாழ்க்கை முடிந்தது" என்கிறோம். கூடப் படிக்கும் ஒருவன் தொட்டிருக்கிறான், நேற்றைய கணக்குப் பரீட்சையில் நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறான். ஒரு விஷயத்தில் மிகைப்படுத்திவிட்டோம் என்று தெரிந்ததும், நாம் சொன்ன உண்மையான எச்சரிக்கைகளையும் பிள்ளை சேர்த்துத் தள்ளிவிடுகிறது. முகரும் பொருள் முதல் தடவையே உயிரை எடுக்கலாம் என்ற உண்மையும் அதோடு போய்விடுகிறது.

ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் தடுப்புக் கல்விக்கான சர்வதேச வழிகாட்டு நெறிகளை 2013-இல் வெளியிட்டது. 2018-இல் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து திருத்திய பதிப்பும் வந்தது. பயமூட்டுவதும், வெறும் தகவலை மட்டும் சொல்லிவிட்டுப் போவதும், பழக்கத்திலிருந்து மீண்டவரை மேடையேற்றி அனுபவம் பேசவைப்பதும் தடுப்புக்கு உதவுவதாகத் தெரியவில்லை என்கிறது அது. கடைசியாகச் சொன்னது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மீண்டு வந்தவரின் கதையைக் கேட்கும் பிள்ளை சில சமயம் எடுத்துக்கொள்வது வேறு: "இவ்வளவு தூரம் போனவரே திரும்பி வந்துட்டாரே, நான் கொஞ்சம் பார்த்துட்டு விட்டுட மாட்டேனா?" மீண்டவர்களின் துணை ஏற்கெனவே சிக்கியவர்களுக்குப் பெரிய பலம். இன்னும் தொடாத நூறு பிள்ளைகள் கூடிய அரங்கில் அதற்கு அந்தப் பலம் இல்லை.

அப்படியானால் வகுப்பில் என்ன செய்வது?

பயிற்சி கொடுக்க வேண்டும். நீச்சலைக் கரும்பலகையில் எழுதிச் சொல்லித்தர முடியாது, தண்ணீரில் இறக்கித்தான் ஆக வேண்டும். இதுவும் அப்படித்தான்.

ஒரு வகுப்பைக் கிட்டத்தில் பார்ப்போம். ஆசிரியை இரண்டு பேரை முன்னால் கூப்பிடுகிறார். ஒருவன் நீட்டுகிறவன், மற்றவன் மறுக்கிறவன்.

"ஒரு இழுப்புதான்டா, யாருக்குத் தெரியப்போகுது?"

"வேணாம்."

"பயமா?"

முதல் தடவை இங்கேயே வகுப்பு சிரித்துவிடும், மறுக்கிறவன் தலையைக் குனிந்துகொள்வான். ஆசிரியை நிறுத்தி, வகுப்பைக் கேட்கிறார்: "இவன் இடத்தில் நீங்க இருந்தா என்ன சொல்வீங்க?" பத்துப் பதில் வரும். "எனக்கு ஒத்துக்காதுடா." "மேட்ச் இருக்கு, மூச்சு வாங்கும்." "நீ பண்ணு, எனக்கு வேணாம், வா போலாம்." "அம்மா மோப்பம் பிடிச்சிடுவாங்க." ஒருத்தி சொல்வாள்: "ஒண்ணும் சொல்ல வேணாம் மிஸ், போன் வந்த மாதிரி எழுந்து போயிடலாம்." அதுவும் நல்ல பதில்தான். அப்புறம் இருவரும் மறுபடியும் நடிக்கிறார்கள், இந்தத் தடவை "பயமா?" என்பதற்கு வாயில் பதில் தயாராக இருக்கிறது. குரல் நடுங்கவில்லை. பிறகு இடம் மாற்றிக்கொள்கிறார்கள்.

பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். அந்த மஞ்சள் விளக்குச் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் பார்க்கும்போது தடுமாறும் வயதுக்கு, நண்பர்கள் பார்க்கும்போதே பயிற்சி கிடைக்கிறது. நட்பை முறித்துக்கொள்ளாமல் மறுக்க முடியும் என்பதும் அங்கேயே தெரிந்துவிடுகிறது. பிள்ளைகள் பயப்படுவது பெரும்பாலும் போதைக்கு அல்ல, தனியாகிவிடுவதற்குத்தான்.

இந்த வழியில் பிரபலமானது வாழ்க்கைத் திறன் பயிற்சி. அமெரிக்காவில் கில்பர்ட் பாட்வின் என்ற உளவியலாளர் உருவாக்கியது. மறுக்கும் திறன் அதில் ஒரு பகுதிதான். கோபம் வந்தால் என்ன செய்வது, மனசு படபடக்கும்போது எப்படி அமைதியாவது, ஒரு முடிவை எப்படி யோசித்து எடுப்பது, விளம்பரம் நம்மை எப்படி ஏமாற்றுகிறது என்பதெல்லாம் அதில் வரும். நியூயார்க் மாநிலத்தில் 56 பள்ளிகளில் நடத்தி, ஆறு வருடம் கழித்தும் பலன் தெரிந்ததாக 1995-இல் முடிவுகள் வந்தன. ஐரோப்பாவில் ஏழு நாடுகள் சேர்ந்து உருவாக்கிய அன்ப்ளக்டு என்ற பாடமும் இதே வகைதான். 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு 12 வகுப்புகள், வகுப்பு ஆசிரியரே நடத்துவார். ஒரே ஒரு நாள் கூட்டம் போட்டு முடித்துவிடும் பள்ளிகள் இந்தப் பன்னிரண்டு என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும்.

வகுப்பில் சொல்லித்தர வேண்டிய இன்னொன்று, "எல்லாரும் பண்றாங்க" என்ற நினைப்பு பெரும்பாலும் தப்புக்கணக்கு என்பது. பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இருவர் 1986-இல் கல்லூரி மாணவர்களை வைத்து இதைக் காட்டினார்கள். தங்களைவிட மற்றவர்கள் குடியை அதிகமாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்றே பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். புகைக்கும் நான்கு பேர் கண்ணில் படுகிறார்கள், புகைக்காத நாற்பது பேர் கண்ணில் படுவதில்லை. பெயர் எழுதாமல் சீட்டில் பதில் வாங்கி, அந்த வகுப்பின் உண்மைக் கணக்கை அந்த வகுப்புக்கே காட்டினால் பிள்ளைகள் திகைத்துப்போவார்கள். பெரும்பான்மை உண்மையிலேயே தொடாத பக்கம் இருக்கும் வயதுகளில் மட்டும்தான் இது வேலை செய்யும். அதனால் சீக்கிரமே செய்ய வேண்டும்.

சீக்கிரம் என்றால் எவ்வளவு சீக்கிரம்? ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்கலாம், போதை என்ற சொல்லே இல்லாமல். நன்னடத்தை விளையாட்டு என்று ஒரு முறை 1969-இல் முதன்முதலில் எழுதப்பட்டது. வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, விதியை மீறாமல் இருக்கும் குழுவுக்குச் சின்னப் பரிசு, அவ்வளவுதான். 1980-களில் பால்டிமோர் நகரப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை நடத்தி, அவர்கள் 19-21 வயது ஆகும்வரை தொடர்ந்து பார்த்தார்கள். சின்ன வயதில் முரட்டுத்தனமாக இருந்த பையன்களிடம் போதைப் பழக்கச் சிக்கல்கள் கணிசமாகக் குறைந்திருந்தன. ஆறு வயதில் காத்திருக்கவும் அடங்கவும் கூடி இருக்கவும் கற்றுக்கொண்டது, பதினைந்து வருடம் கழித்து வேறொரு இடத்தில் வந்து கைகொடுத்திருக்கிறது. ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் செய்யும் வேலையின் மதிப்பு இதில் தெரிகிறது.

பள்ளியின் சுவருக்கு வெளியேயும் பார்க்க வேண்டும். ஐஸ்லாந்து நாட்டில் 1998-இல், 15-16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் போதையேறக் குடித்திருந்தார்கள். 2016-இல் அது 5 சதவீதம். தினமும் புகைப்பவர்கள் 23-லிருந்து 3 சதவீதமாகக் குறைந்தார்கள். அங்கே செய்தது என்ன? பிள்ளைகளிடம் தொடர்ந்து கணக்கெடுத்தார்கள், முடிவை அந்தந்த ஊருக்கும் பள்ளிக்கும் உடனே கொடுத்தார்கள். விளையாட்டு, இசை, நடனம் கற்க அரசு பணம் கொடுத்தது. பெற்றோர் சங்கங்களைப் பலப்படுத்தினார்கள். சின்னப் பிள்ளைகள் இரவில் வெகுநேரம் வெளியே சுற்றுவதைக் கட்டுப்படுத்தினார்கள். சாயங்காலம் நாலு மணிக்குப் பிள்ளைக்குப் போக ஒரு இடமும், பார்த்துக்கொள்ள ஒரு பெரியவரும் இருக்கிறார்களா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி.

தொட்டுவிட்ட பிள்ளைக்கு?

எல்லாருக்குமான பாடம் ஒரு அடுக்கு. வீட்டில் குடிப்பழக்கம் உள்ளவர்கள், பெரிய இழப்பைச் சந்தித்தவர்கள் என்று ஆபத்து கூடுதலாக இருக்கும் பிள்ளைகளைத் தனியே கவனிப்பது இரண்டாவது அடுக்கு. தொடங்கிவிட்டவர்களுக்கான உதவி மூன்றாவது. பல பள்ளிகளில் முதல் அடுக்கு அரைகுறையாக இருக்கிறது, மற்ற இரண்டும் இல்லவே இல்லை. மாட்டினால் சஸ்பெண்ட் அல்லது டி.சி.

இரண்டாவது அடுக்கில் ஒரு எச்சரிக்கை. "பிரச்சினைப் பிள்ளைகளை" எல்லாம் ஒரே அறையில் உட்காரவைத்துக் கூட்டு கவுன்சிலிங் கொடுப்பது நல்ல யோசனை போலத் தோன்றும். 1999-இல் வெளியான ஆய்வு அது நிலைமையை மோசமாக்கலாம் என்று காட்டியது. அங்கே ஒருவருக்கொருவர் கதை சொல்லிச் சிரிப்பதே பயிற்சியாகிவிடுகிறது.

ஒரு பிள்ளை மாறுவது எப்படித் தெரியும்? பழைய நண்பர்களை விட்டு விலகுவது, திடீரென்று மார்க் குறைவது, தூக்கம் மாறுவது, காசு காணாமல் போவது, எரிந்து விழுவது, துணியில் தின்னர் வாடை. இவற்றில் பலவும் மனச்சோர்வாலும் வரலாம், வீட்டில் நடக்கும் கொடுமையாலும் வரலாம். அதனால் இவை குற்றத்துக்கான சாட்சி அல்ல, போய்ப் பேசுவதற்கான காரணம். எப்படிப் பேசுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

"பையைக் கொட்டு, எனக்கு எல்லாம் தெரியும்" என்று தொடங்கினால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். இப்படித் தொடங்கலாம்:

"உட்காருப்பா. ரெண்டு வாரமா நீ சரியா இல்ல மாதிரி இருக்கு. திட்டக் கூப்பிடல."

"ஒண்ணுமில்ல சார்."

"சரி. ஒண்ணுமில்லன்னாலும் பரவாயில்ல. நான் வியாழக்கிழமை சாயங்காலமும் இங்கதான் இருப்பேன்."

முதல் நாளே எல்லாம் வெளியே வந்துவிடாது. வியாழக்கிழமை அவர் உண்மையிலேயே அங்கே இருக்க வேண்டும். அவன் வரவில்லை என்றால் அடுத்த வியாழக்கிழமையும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்: "நீ சொல்றத ஊர் முழுக்கச் சொல்ல மாட்டேன். உன் உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் உதவி கூப்பிடுவேன், அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறினால், அந்தப் பிள்ளை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது.

ஆசிரியரே மருத்துவராக வேண்டியதில்லை. எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அறிய, பயிற்சி பெற்ற கவுன்சிலர்களிடம் எளிய கேள்வித்தாள்கள் உண்டு. கிராஃப்ட் என்பது அதில் ஒன்று, பதின்பருவத்தினருக்கானது. போதையில் இருந்தவர் ஓட்டிய வண்டியில் ஏறியிருக்கிறாயா, மனசை இலேசாக்கப் பயன்படுத்துகிறாயா, தனியாக இருக்கும்போதும் உண்டா, செய்தது மறந்துபோகிறதா, வீட்டாரோ நண்பர்களோ குறைக்கச் சொன்னார்களா, அதனால் சிக்கலில் மாட்டினாயா என்று ஆறே கேள்விகள். இரண்டுக்கு ஆமாம் என்றால் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். எங்கே அனுப்புவது, யார் கூடப் போவது என்பதைப் பள்ளி முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். தினமும் குடித்துக்கொண்டோ தூக்க மாத்திரை போட்டுக்கொண்டோ இருந்த பிள்ளையை "இன்னையோட நிறுத்து" என்று சொல்லிவிடவும் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அது மருத்துவர் கண்காணிப்பில் நடக்க வேண்டியது.

வெளியே அனுப்புவதைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் விற்கும் ஆளைத் தடுப்பது வேறு விஷயம். புகைத்துப் பார்த்து மாட்டிய பிள்ளையைப் பத்து நாள் வீட்டுக்கு அனுப்புவது, ஆளில்லாத பத்துப் பகல்களைக் கையில் கொடுத்து அனுப்புவது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலங்களில் பள்ளிகளைப் பார்த்த ஆய்வு 2015-இல் வந்தது. சஸ்பெண்ட் செய்த பள்ளிகளில் கஞ்சா பயன்பாடு கூடுதலாக இருந்தது, மீறியவர்களைக் கூப்பிட்டு ஆலோசனை சொன்ன பள்ளிகளில் குறைவாக இருந்தது. விதி இருக்கட்டும், கண்டிப்பும் இருக்கட்டும். அந்தக் கண்டிப்பு பள்ளிக்கு உள்ளேயே, ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க நடக்கட்டும்.

கடைசியாக, ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டிய முதலுதவி. ஒருவர் மதுவாலோ மாத்திரையாலோ மயங்கிக் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி வந்தால் மூச்சுக்குழாயில் போகாமல் இருக்கும். தனியே விடாதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மூச்சு மெதுவாக இருந்தாலோ, உதடு நீலமாக மாறினாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ, ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. முகரும் பொருளோடு ஒருவனைப் பார்த்துவிட்டால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள். திடுக்கிட்டு ஓடும்போது அட்ரினலின் என்ற ஹார்மோன் ஏறி, ஏற்கெனவே தடுமாறும் இதயம் நின்றுபோகலாம். மெதுவாகக் கிட்டே போய், கையிலிருப்பதை வாங்கிக் கீழே வைத்து, காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள்.

பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது இன்னொரு வரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: "கூட இருந்த நண்பன் மயங்கிட்டா எங்களைக் கூப்பிடு. கூப்பிட்டவனை நாங்க தண்டிக்க மாட்டோம்." தலைமை ஆசிரியர் இதை அசெம்பிளியில் தன் வாயால் சொல்ல வேண்டும். ஜூன் 26 அன்று, பிள்ளைகள் உறுதிமொழி சொல்லி முடித்தவுடனேயே சொல்லலாம். வரிசையில் நிற்கும் அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் அதைக் கேட்டுக்கொண்டிருப்பான்.